மாலையும் ஆலயமும்

பவுல் அப்போஸ்தலர் கொரிந்து நகரத்துச் சபையாருக்கு எழுதிய முதல் நிருபத்தில், மூன்று அத்தியாய இடைவெளியில், சரீரத்தைப் பற்றிய இரண்டு உவமைகள் நிற்கின்றன. மனிதனுடைய சரீரம் பரிசுத்த ஆவி குடியிருக்கும் ஆலயம், ஆகையால் அது அவனுடைய சொந்தச் சொத்தாகாது என்பது ஒன்று. பந்தயத்தில் ஓடுகிறவர்கள் பலராயினும் பரிசு பெறுகிறவன் ஒருவனே என்பது மற்றொன்று. கொரிந்துக்கு அருகே இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை நடந்த இஸ்துமியப் பந்தயங்களில் வென்றவன் தலையில் பைன் தழையால் பின்னிய மாலையைச் சூட்டும் வழக்கம் இருந்தபடியால், வாடிப்போகும் மாலைக்காகவே இவர்கள் இத்தனை விரதம் காக்கிறார்களே என்று அவர் சுட்டிக்காட்டியபோது, கேட்டவர்களுக்கு அந்தத் தழையின் வாசனைகூட நினைவுக்கு வந்திருக்கும். ஆத்ம சாதனையைப் பற்றிப் பேசிய அவருக்கு இவ்விரண்டு உவமைகளும் முரண்படவில்லை. ஆனால் ஒரு சிறிய கல்லூரியின் தலைமைப் பீடத்தில் அமர்ந்து, கையிலிருக்கும் பணம் இவ்வளவுதான் என்று எண்ணிப் பார்க்கிறவருக்கு, ஆலயமா மாலையா என்னும் கேள்வி ஒரு நாள் வந்தே தீரும்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்தின் அட்லாண்டா நகரத்திலுள்ள ஸ்பெல்மன் கல்லூரியின் அப்போதைய தலைவி பெவர்லி டேனியல் டேட்டம் அம்மையாருக்கு அந்தக் கேள்வி 2012ஆம் ஆண்டில் வந்தது. அவர் அளித்த விடையைப் பற்றி எழுதுமுன் அந்தக் கல்லூரியின் பிறப்பைச் சொல்லியாக வேண்டும். 1881ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சோஃபியா பாக்கார்ட், ஹாரியட் ஜைல்ஸ் என்னும் இரண்டு பெண்மணிகள், மாஸசூஸெட்ஸ் மாகாணத்து மெட்ஃபோர்டு ஊரின் பாப்டிஸ்ட் சபையார் கொடுத்த 100 டாலரைக் கொண்டு, அட்லாண்டாவின் ஃப்ரெண்ட்ஷிப் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் நிலவறையில், 11 மாணவிகளோடு அந்தப் பள்ளியைத் தொடங்கினார்கள். அங்கே வந்து அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு இருபதாண்டுகூட ஆகாத கறுப்பினப் பெண்கள். வேத புத்தகத்தைத் தாமே எழுத்துக்கூட்டிப் படித்துவிட வேண்டும் என்பதே அவர்களுடைய முதல் ஆசை. பருத்திக்காட்டில் எத்தனை நேரம் குனியும், எத்தனை பிள்ளை பெறும், என்ன விலைக்குப் போகும் என்று பிறர் கணக்கிட்ட சரீரங்கள் அவர்களுடையவை. உன் உடம்பு உனக்குச் சொந்தமன்று என்னும் வாக்கியத்தை எஜமானர் வாயிலாகவே பழகியிருந்த ஒருத்தி, அதையே கொரிந்தியர் நிருபத்தில் தன் விரலை வைத்து வாசித்து, அது ஆண்டவனுக்குச் சொந்தம், ஆகையால் எந்த மனிதனுக்கும் சொந்தமன்று என்று பொருள் கொண்டிருந்தால், அந்தக் கணத்தில் அவள் பெற்ற விடுதலை எந்தச் சட்டம் தந்ததற்கும் குறைந்ததாகாது. ஸ்பெல்மனில் சரீரத்தைப் பற்றி எழும் எந்த விவாதத்துக்கும் இந்த நிலவறைதான் அஸ்திவாரம் என்று நான் கருதுகிறேன்.

2012ஆம் ஆண்டில் அங்கே படித்த மாணவிகள் ஏறத்தாழ 2,100 பேர். அவர்களுள் பிற கல்லூரிகளோடு மோதும் விளையாட்டு அணிகளில் இருந்தவர்கள் சுமார் 80 பேர். அந்த அணிகளுக்கு ஆண்டுக்கு ஆன செலவோ சுமார் 10 லட்சம் டாலர். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மூன்றாம் பிரிவில், விளையாட்டுத் திறமைக்கென்று உபகாரச் சம்பளம் கொடுக்கக் கூடாத பிரிவில், ஸ்பெல்மன் இருந்தது. பெரிய சர்வகலாசாலைகளைப் போல டிக்கெட் பணமும் தொலைக்காட்சிப் பணமும் வந்து குவியும் இடமன்று அது. தங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த டேட்டம் அம்மையாருக்கு, இவர்களில் ஒருத்திகூடப் பட்டம் பெற்ற பிறகு கூடைப்பந்து ஆடப்போவதில்லையே என்று தோன்றியதாம். இரத்த அழுத்தமும் நீரிழிவும் கறுப்பினப் பெண்களை இளமையிலேயே பிடித்துக்கொள்வதையும், தம்மிடம் படித்துச் சென்றவர்களில் சிலர் அகாலத்தில் இறந்துபோனதையும் அவர் அறிந்திருந்தார். உளவியல் கற்றவர் அவர். இந்த இரண்டு நினைவுகளையும் தனித்தனி அறையில் பூட்டி வைத்துக்கொண்டு பதவிக்காலத்தைக் கழித்துவிட அவரால் இயலவில்லை. அந்தக் கல்வியாண்டோடு அணிகள் கலைக்கப்படும் என்றும், அந்தப் பணம் முழுவதும் நடை, ஓட்டம், நீச்சல், யோகாசனம், உணவு முறை என்று எல்லா மாணவிகளின் ஆரோக்கியத்துக்கும் செலவிடப்படும் என்றும் அறிவித்தார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், அணியில் இருந்தவளுக்குத் தலைக்கு 12,500 டாலர். அதே பணத்தை எல்லோருக்கும் பங்கிட்டால் தலைக்கு ஐந்நூறு டாலருக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கே நியாயத்தைத் தீர்த்துவிடும் என்று நினைப்பது அவசரம். வீணை கற்கும் பத்துப் பேருக்கு ஆகும் செலவை ஆயிரம் பேருக்குப் பங்கிட்டு ஆளுக்கொரு நரம்பு கொடுத்தால் சங்கீதம் பிறக்காது. உயர்ந்த திறமை என்பது பங்கிட முடியாத பொருள்; அது ஓரிடத்தில் குவிந்துதான் விளையும். கோயில் தேரை வடம் பிடித்து இழுப்பவர்கள் சிலர், கண்டு கைகூப்புகிறவர்கள் பலர்; இழுத்தவர்களுக்கு மட்டும்தான் தேர் ஓடிற்று என்று யாரும் சொல்வதில்லை. அவ்விதமே மைதானத்தில் ஆடும் பதினொருவருடைய வியர்வை, பார்த்திருக்கும் பத்தாயிரம் பேருக்குப் பிரசாதமாகிறது என்பது அணிகளுக்காக வாதிடுகிறவர்களின் கட்சி. இது இலேசான வாதமன்று.

இந்த வாதம் முழு வீச்சோடு வாழ்ந்து பார்க்கப்பட்ட இடம் ஒன்று உண்டு. அதற்கும் ஸ்பெல்மனுக்கும் குடும்ப உறவும் உண்டு. ஸ்பெல்மன் என்பது ஜான் ராக்ஃபெல்லருடைய மனைவி லாராவின் பிறந்த வீட்டுப் பெயர். அதே ராக்ஃபெல்லரின் பணத்தால் 1890ஆம் ஆண்டில் பாப்டிஸ்டுகள் எழுப்பியது சிகாகோ சர்வகலாசாலை. அதன் முதல் தலைவரான எபிரேய பண்டிதர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், யேல் கல்லூரியில் தம்மிடம் பயின்ற ஆமோஸ் அலோன்ஸோ ஸ்டாக் என்பவரை வரவழைத்து, சரீரப் பயிற்சித் துறையை ஒப்படைத்து, பேராசிரியர் அந்தஸ்தும் அளித்தார். ஸ்டாக் போதகராவதற்குப் படிக்கப் போனவர். பிரசங்க மேடையில் தமக்கு நாவன்மை போதாதென்று கண்டு, இளைஞரின் குணத்தை மைதானத்தில் செதுக்குவதையே தம் ஊழியமாகக் கொண்டார். நாற்பதாண்டுக் காலம் அந்தச் சர்வகலாசாலையின் அமெரிக்கக் கால்பந்து அணி அவருடைய கையில் வளர்ந்தது. மைதானத்துக்கே அவர் பெயர் வைத்தார்கள்.

பிறகு 1929ஆம் ஆண்டில், முப்பதே வயதான ராபர்ட் மேனார்டு ஹச்சின்ஸ் தலைவரானார். அவரும் ஒரு போதகரின் மகன்தான். ஆனால் சர்வகலாசாலை என்பது சிந்தனைக்கென்று ஏற்பட்ட ஸ்தாபனம், டிக்கெட் விற்பனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அவருடைய திடமான அபிப்பிராயம். எழுபது வயது நிரம்பிய ஸ்டாக், மனமில்லாமலே ஓய்வு பெற்றார். ஆட்டக்காரர்களைத் திரட்டிக் கொண்டுவந்து பணம் கொடுத்துப் போஷிக்கும் வழக்கம் பிற இடங்களில் தடித்துக்கொண்டு வந்த காலத்தில், அதைச் செய்ய மறுத்த சிகாகோ அணி மெலிந்தது. 1939ஆம் ஆண்டில் மிச்சிகன் அணியோடு ஆடி 85-க்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். அந்த டிசம்பரிலேயே அணி கலைக்கப்பட்டது. வெறிச்சோடிப்போன பார்வையாளர் மேடைக்கு அடியில், பந்தடிக்கும் கூடம் ஒன்றில், கரிக்கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கடுக்காக ஏற்றி, 1942 டிசம்பர் 2ஆம் தேதி என்ரிக்கோ ஃபெர்மியும் அவருடைய தோழர்களும் அணுவின் தொடர்வினையைக் கட்டுக்குள் நடத்திக் காட்டினார்கள். ஆரவாரம் ஓய்ந்த மேடையின் கீழ் அறிவு தன் கோர சக்தியைக் கண்டுகொண்ட அந்த இடத்தை எண்ணும்போதெல்லாம், விளையாட்டை விரட்டிவிட்டால் சிந்தனை தானே பரிசுத்தமாகிவிடும் என்னும் நம்பிக்கை என்னுள் ஆட்டம் காண்கிறது.

ஹச்சின்ஸ் செய்ததும் டேட்டம் செய்ததும் ஒன்றே என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் மாலையை எடுத்து மூளையின் சந்நிதியில் வைத்தார். இவர் மாலைக்கு ஆன செலவை ஆலயங்களுக்கே திருப்பினார். கல்லூரித் தலைவர் கல்லூரிப் பணத்துக்கு உடைமையாளர் அல்லர். நம் கோயில் வழக்கில் சொல்வதானால் தர்மகர்த்தா. தர்மகர்த்தா முதலில் கேட்க வேண்டியது, இந்தத் தர்மத்தை ஏற்படுத்தியவர்கள் யாரை நினைத்து ஏற்படுத்தினார்கள் என்பதே. மெட்ஃபோர்டுச் சபையாரின் 100 டாலர், அந்த நிலவறையில் அமர்ந்த பதினொருவரில் வேகமாக ஓடக்கூடியவள் யார் என்று பார்த்துக் கொடுக்கப்பட்டதன்று. பதினொருவருக்கும் கொடுக்கப்பட்டது. சரீரத்தின் மீது உரிமை மறுக்கப்பட்டவர்களின் பேத்திகளுக்கு, அந்தச் சரீரத்தை எழுபது வயது வரை நோயின்றிக் காத்துக்கொள்ளக் கற்பிப்பது அந்த மூல தர்மத்தின் நேரான தொடர்ச்சி. ஆகையால் டேட்டம் அம்மையார் செய்தது சரி என்றே நான் முடிவு கட்டுகிறேன்.

முடிவு கட்டிய பிறகும் அந்த 80 பெண்கள் மனத்தை விட்டு அகலவில்லை. அவர்களுடைய விளையாட்டு உபகாரச் சம்பளத்துக்காக ஆடியதன்று. அப்படியொன்று அங்கே கிடையாது. வெறும் பிரீதியினால், விடியுமுன் எழுந்து, ஒருத்தி தவறவிட்ட பந்தை மற்றொருத்தி பாய்ந்து பிடிக்கும் அந்த நொடிக்காக ஆடினார்கள். தன் உடம்பைத் தானே பேணிக்கொள்ளும் பயிற்சியில் அந்த நொடி கிடைப்பதில்லை. அந்த இழப்புக்கு ஆரோக்கியத் திட்டம் ஈடு என்று சொல்லி அவர்கள் வாயை அடைப்பது பாவம். ஈடில்லை என்று தெரிந்தே இந்த முடிவை எடுத்தேன் என்று தலைவர் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சிகாகோவை விட்ட ஸ்டாக், கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரத்திலிருந்த, மெதடிஸ்டுகள் தொடங்கிய சின்னஞ்சிறு பசிபிக் கல்லூரிக்குப் போய், எண்பது வயதைக் கடந்தும் அங்கே பயிற்றுவித்தார். 1965ஆம் ஆண்டில் 102ஆம் வயதில் காலமானார். அந்தப் பசிபிக் சர்வகலாசாலையும் பணமுடையால் 1995ஆம் ஆண்டில் கால்பந்து அணியைக் கலைத்துவிட்டது. ஒரு மனிதர் முழு ஆயுளையும் இட்டு வளர்த்த இரண்டு வேள்விக்குண்டங்களும் அவ்வாறு அவிந்தன. சிகாகோவில் மட்டும் 1969ஆம் ஆண்டில் நெருப்பு மீண்டும் மூட்டப்பட்டது. இன்று அது உபகாரச் சம்பளமில்லாத மூன்றாம் பிரிவில் அடக்கமாக எரிகிறது.

ஸ்பெல்மனில், 1927 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் தலைவியாக இருந்த ஃபுளோரன்ஸ் ரீட் அம்மையாரின் பெயர் தாங்கிய பழைய உடற்பயிற்சிக் கூடத்தைப் புதுப்பித்து ஆரோக்கிய நிலையமாக்கியிருக்கிறார்கள். எந்த அணியிலும் ஒருநாளும் இடம் கிடைத்திராத ஒரு பெண் அங்கே நீச்சல் குளத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, தண்ணீரில் முகத்தை வைக்கப் பயந்து, மூச்சைப் பிடித்து, ஒருவழியாக வைத்தே விடுகிறாள். கைதட்ட அங்கே யாரும் இல்லை. நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் மறுபடியும் முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கிறாள்.