விடைபெறுவோரும் வந்து சேர்வோரும்

பள்ளியாயினும் அலுவலகமாயினும், பலர் கூடிப் பணியாற்றும் இடத்தில் ஒருவர் ஓய்வு பெறுவதும், ஒருவர் மாற்றலாகிச் செல்வதும், புதியவர் வந்து சேர்வதும் இயல்பு. தோன்றல், மறைதல், நிலைத்தல் ஆகிய மூன்றும் உள்பொருளின் இலக்கணம் என்பது நம் சமயக் கொள்கை. பணிக்குழுவுக்கும் இதனை உவமையாகக் கொள்ளலாம். ஆட்கள் மாறுவர், பணி நிலைக்க வேண்டும். அது நிலைப்பதற்கு நம் கடமை யாது?

நான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் சாவிகளையும் பதிவேடுகளையும் முறைப்படி ஒப்படைத்துக் கையொப்பமிட்டேன். என் இடத்திற்கு வந்த இளம் ஆசிரியை, "வகுப்பைப் பற்றி ஏதேனும் சொல்லுங்கள், அம்மா" என்று கேட்டார். "பழகப் பழகத் தெரிந்துவிடும்" என்று கூறி விடைபெற்றேன். நானும் அவ்வாறுதானே கற்றேன் என்னும் எண்ணம் ஒருபுறம்; என்னைப்போல் எவரும் நடத்திவிட இயலாது என்னும் செருக்கு மறுபுறம். அவ்வகுப்பில் ஒரு சிறுமிக்குக் காது மந்தம். அவளை நான் முன்வரிசையில் அமர்த்தியிருந்தேன். காரணம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. உயரம் நோக்கி அவளைக் கடைசி வரிசைக்கு மாற்றிவிட்டனர். கேட்ட வினாவுக்கு விடை கூறாத குற்றத்திற்காக அவள் பல நாள் நின்றுகொண்டே பாடம் கேட்டாள் என்பதைப் பின்னரே அறிந்தேன். அப்பிழை புதிய ஆசிரியையுடையதன்று, என்னுடையது.

அறிந்ததை மறைத்தல், பிறர் அறிவதில் பொறாமை கொள்ளுதல், அறிவுக்கு இடையூறு செய்தல் ஆகியவை ஞானாவரணீய வினை வந்து சேர்வதற்குக் காரணங்கள் எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் எடுத்துரைக்கின்றது. நூலறிவை மறைப்பதையே இது குறிக்கும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஒரு சிறுமியின் காது மந்தத்தைச் சொல்லாமல் வந்ததும் அறிவை மறைத்ததேயாகும் என இப்போது உணர்கின்றேன்.

இதற்கு நேர்மாறான வழியைக் காட்டியவர் தரசேனாசாரியார். கிர்நார் மலையின் சந்திர குகையில் வாழ்ந்த அம்முதியவர், தம்மோடு ஆகம அறிவு மறைந்துவிடலாகாது என்று கவலை கொண்டு தென்னாட்டு ஆசாரியர்களுக்கு ஓலை விடுத்தார். அவர்கள் அனுப்பிய இரு முனிவர்களுக்கும் ஆளுக்கொரு மந்திரம் அளித்தார். ஒன்றில் ஓரெழுத்து மிகுதி. மற்றொன்றில் ஓரெழுத்துக் குறைவு. இருவரும் பிழையைத் தாமே கண்டு திருத்தி ஓதினர். பெரியவர் சினந்தாரல்லர், மகிழ்ந்து முழுதும் கற்பித்தார். புதியவர், தந்ததை அப்படியே சுமப்பவராக மட்டும் இருத்தல் போதாது. ஆய்ந்து திருத்துபவராகவும் இருத்தல் வேண்டும் என்பதன்றோ இதன் கருத்து?

அவ்விருவருள் புட்பதந்தர் 177 சூத்திரங்களை இயற்றி, அவற்றைத் தம் மாணவர் ஜினபாலிதர் வழியாகத் திராவிட நாட்டிலிருந்த பூதபலிக்கு அனுப்பினார். புட்பதந்தரின் ஆயுள் குறுகியதை அறிந்த பூதபலி, அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து சட்கண்டாகமத்தை நிறைவு செய்தார். ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடித்தார். "என்னுடையது" என்னும் பற்று இடையில் நுழையவில்லை. ஜேஷ்ட மாத வளர்பிறைப் பஞ்சமியில் நாம் சுருத பஞ்சமி கொண்டாடுவது இந்நிறைவை நினைந்தே.

இருப்போர்க்கும் ஒரு கடமை உண்டு. "முன்பிருந்தவர் இவ்வாறு செய்யமாட்டார்" என்று நாள்தோறும் ஒப்பிட்டுக் கூறுதல் புதியவர் மனத்தைப் புண்படுத்தும். சொல்லால் நோகச் செய்வதும் இம்சையே.

ஆதலின், பணியிலிருந்து விடைபெறும் நம் குடும்பத்துப் பெரியோர்களை வேண்டிக்கொள்கின்றேன். சாவிக்கொத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் அமர்ந்து, பதிவேட்டில் இல்லாதவற்றை வருபவருக்குச் சொல்லுங்கள். ஏட்டில் எழுதியும் கொடுங்கள். அறிவைக் கொடுத்தலும் நால்வகைத் தானங்களுள் ஒன்று.