திரும்ப முடியாத பிரவேசம்

கோவை ஆர்.எஸ்.புரத்தில், கௌலி பிரவுன் ரோட்டில் இருக்கும் மாவட்ட மைய நூலகத்தினுள் சென்று, அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கும் நாவல்களின் முன்னே நிற்கும்போதெல்லாம், இவை பொதுஜனங்களின் கைக்கு எட்டும்படியாகச் சட்டம் செய்த மந்திரி, இல்லறத்தையே நாடாத ஒரு பிரமசாரி என்ற விஷயம் என் நினைவுக்கு வருவதுண்டு. ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சரிடத்தில் அளவற்ற பக்தி பூண்டு, 1930-இல் கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கிய தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி மந்திரியாக இருந்தார்; அந்தக் காலத்திலேதான், 1948-இல், பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. வீட்டு வரியோடு சேர்த்து ஜனங்களிடம் வாங்கும் சிறு தொகையைக்கொண்டு ஊர்தோறும் நூலகம் நடத்துவது என்ற ஏற்பாடு, சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக இந்த மாகாணத்தில் ஏற்பட்டதற்கு, நூலகவியல் மேதை எஸ். ஆர். ரங்கநாதனுடைய இடைவிடாத முயற்சியும் இந்தக் கொங்கு நாட்டுப் பக்தருடைய ஆதரவும் காரணங்களாயின. பக்தி நூல்களுக்கும் கட்டுக்கதைகளுக்கும் ஒரே கூரையின்கீழ் இடம் கொடுத்த அந்தப் பரந்த மனத்தை நான் வணங்குகிறேன். ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. வாழ்நாள் முழுவதும் கதைகளைப் படித்துப் படித்து, அதன் பலனாகத் தானும் இல்லாத மனிதர்களைச் சிருஷ்டித்து எழுதத் தொடங்குகிறானே ஒருவன், அவனுடைய காரியம் ஆத்ம சாதனையின் பாதையில் எங்கேயாவது சேர்கிறதா, அல்லது அந்தப் பாதையிலிருந்து விலகிச் செல்கிறதா?

நம்முடைய சைவ மரபு கல்வியை நான்கு படிகளாக வகுத்திருக்கிறது: கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடுதல். இந்தப் படிகளில் முறையாக ஏறிய ஒருவரைக் கோவையிலேயே காட்ட முடியும். வக்கீல் தொழில் செய்துவந்த சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார், சேக்கிழாரின் பெரிய புராணம் என்ற ஒரு நூலையே ஆயுள் முழுவதும் ஓதி, அதிலே தோய்ந்து, ஏழு தொகுதிகளாக விரிந்த உரையை எழுதி முடித்தார். படிப்பின்மீது கொண்ட காதல் உரையாகக் கனிந்த வரலாறு அது. உரையாசிரியன் மூலத்தின் அருகிலேயே நிற்கிறான். நூலாசிரியனுடைய குரல் ஓங்கவேண்டும் என்பதற்காகத் தன்னுடைய குரலைத் தாழ்த்திக்கொள்கிறான். அந்த அடக்கமே அவனுக்கு ஒரு தவம். இந்த வழியில் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. நாவல் எழுதப் புகுந்தவனிடத்தில்தான் ஐயம் எழுகிறது. அவனும் அதே போன்ற காதலோடுதான் படித்தான், ஆனால் படித்த நூல்களின் அருகில் அவன் நிற்கவில்லை.

இந்த வேற்றுமைக்குக் காரணத்தை, சிவக்கவிமணி உரை செய்த அந்தப் புராணத்திலேயே நான் கண்டேன். கூடுவிட்டுக் கூடு பாய்வதைப் பற்றி நம் நாட்டில் பெருவழக்காக வழங்கும் சரித்திரங்கள் இரண்டு. ஒன்று ஆதி சங்கரருடையது. மண்டன மிசிரருடைய பத்தினி உபய பாரதி, வாதத்தின் நடுவே காம சாஸ்திரத்தைப் பற்றி வினவ, பால சந்நியாசியாகிய சங்கரர் தவணை வாங்கிக்கொண்டு, இறந்துபோன அமருகன் என்ற அரசனுடைய சரீரத்தில் புகுந்து அந்த அனுபவத்தை அறிந்து திரும்பினார் என்பார்கள். அதுவரையில் அவருடைய சொந்த உடம்பைச் சீடர்கள் ஒரு குகையில் வைத்துக் காத்துவந்தார்கள். மற்றது, அந்தப் புராணம் கூறும் திருமூலருடையது. கயிலையிலிருந்து அகத்தியரைக் காண்பதற்காகத் தெற்கே வந்த அந்த யோகியார், காவிரிக் கரையில் சாத்தனூருக்கு அருகே, மூலன் என்ற இடையன் இறந்து கிடப்பதையும், அவன் மேய்த்த பசுக்கள் அவனைச் சுற்றிநின்று கண்ணீர் வடிப்பதையும் கண்டார். அவற்றின் துயரைத் தீர்க்கவேண்டும் என்ற கருணை ஒன்றினாலேயே மூலனுடைய உடம்பினுள் புகுந்தார். பசுக்களை ஊரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்து பார்க்கையில், அவர் பத்திரமாக வைத்துவிட்டுப் போன உடம்பைக் காணவில்லை. ஆண்டவனே அதை மறைத்துவிட்டான். அதன் பிறகு, திருவாவடுதுறையில் அரச மரத்தின் கீழே, ஆண்டுக்கு ஒரு பாட்டாக மூவாயிரம் ஆண்டுகள் அமர்ந்து, அந்த இடையனுடைய வாயினாலேயே அவர் தமிழ் செய்தார்.

வாசிப்பு என்பது சங்கரருடைய பிரவேசத்தைப் போன்றது. நாம் ஒரு நாவலைத் திறந்து, வேறொருவனுடைய ஆசையிலும் பயத்திலும் சில நாழிகை வாழ்ந்துவிட்டு, மூடி வைத்ததும் காவலில் இருக்கும் நம்முடைய சொந்த வாழ்க்கைக்குப் பழுதின்றித் திரும்பி விடுகிறோம்; திரும்பலாம் என்ற நிச்சயம் இருப்பதனாலேயே அவ்வளவு துணிந்து உள்ளே போகிறோம். நாற்பது ஆண்டு, ஐம்பது ஆண்டு என்று இப்படிப் போய்வந்து கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் கடைசிவரையில் நல்ல ரசிகர்களாகவே இருந்து நிறைவு பெறுகிறார்கள். அதில் குறைவு ஏதுமில்லை. சிலருக்கு மாத்திரம் ஒரு நாள் விபரீதமாக முடிகிறது. ஏதோ ஒரு ஜீவனுடைய துயரத்தின் பொருட்டு உள்ளே போனவன் திரும்பி வந்து பார்க்கையில், தன்னுடையது என்று நம்பியிருந்த பழைய உடம்பைக் காணாமல் திகைக்கிறான். புகுந்த உடம்பிலேயே இருந்து, அதன் வாயினாலேயே பேசுவதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. கதை எழுதுவது அங்கேதான் தொடங்குகிறது என்பது என் துணிபு.

கொங்கு நாட்டுக்கு நாவல் பிறந்த விதத்தை இந்தத் துணிபோடு பொருத்திப் பார்க்கலாம். தாராபுரத்தை அடுத்த கீரனூரில் 1917-இல் பிறந்த ஆர். சண்முகசுந்தரம், 'மணிக்கொடி' பத்திரிகையின் வாசகராகவும் எழுத்தாளராகவும் வளர்ந்தவர். 1942-இல், இருபத்தைந்து வயதை ஒட்டிய பருவத்தில், 'நாகம்மாள்' என்ற நாவலை அவர் எழுதினார். விதவையான நாகம்மாள், கணவனுடைய தம்பி சின்னப்பனிடம் தன் பங்கு நிலத்தைப் பிரித்துத் தரும்படி கேட்கிறாள். அவளோடு தொடர்புகொண்ட கெட்டியப்பன் அந்தக் கோபத்துக்கு நெய் வார்க்கிறான். கடைசியில் ஓர் உயிர் போகிறது. இந்தச் சிறிய கதையில் ஆசிரியர் எந்த இடத்திலும் முன்வந்து, இவள் பாவி என்றோ இவன் நல்லவன் என்றோ தீர்ப்புச் சொல்வதில்லை. கொங்குச் சீமையின் பேச்சுமொழியில், தோட்டம் காட்டின் நடுவே, ஒரு பெண்ணின் வைராக்கியம் தானாகவே வளர்ந்து தன்னையே எரித்துக்கொள்வதை நாம் காண்கிறோம். வேதாந்திகள் சாட்சி என்று சொல்லும் நிலைக்கு இதைவிட நெருங்கிய லௌகிக உதாரணம் எனக்குத் தெரியாது. நீதி நூல் எழுதுகிறவன் நாகம்மாளுக்கு வெளியே நிற்கவேண்டும்; இவரோ அவளுக்குள்ளே இருந்தார். பின்னாட்களில் விபூதிபூஷணருடைய 'பதேர் பாஞ்சாலி'யையும் சரத்சந்திரருடைய நாவல்களையும் அவர் தமிழாக்கினார் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மொழிபெயர்ப்பு என்பது, சொல் சொல்லாக நின்று நிதானித்துப் படிக்கும் படிப்பே அல்லவா? ஆசிரியனாகிவிட்டவன் வாசகனாக இருப்பதை நிறுத்திக்கொள்வதில்லை.

இன்று கோவையையே இருப்பிடமாகக் கொண்டிருக்கும் நாஞ்சில் நாடன், பிழைப்புக்காகப் பம்பாய் சென்று தனித்திருந்த காலத்தில், அங்கிருந்த தமிழ்ச் சங்கத்தின் நூல்களைப் படித்துப் பசியாறியவர், ரா. பத்மநாபனிடம் கம்பராமாயணத்தைப் பாடம் கேட்டவர். அவருடைய முதல் கதை 'விரதம்' 1975-இல் 'தீபம்' இதழில் வந்தது. ஊரைப் பிரிந்த ஏக்கமும் படிப்பின் செழிப்பும் ஒன்றுகூடிய இடத்தில் அவருக்குக் கதை பிறந்தது.

இனி ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. அது பொய்யைப் பற்றியதன்று. வாய்மை என்பது தீமை இல்லாத சொல் என்று வள்ளுவர் வகுத்துவிட்ட பிறகு, கற்பனையைப் பொய் என்று இகழ்வதற்கு இடமில்லை. நான் கருதுவது மூலனுடைய மனைவியை. அந்தி சாய்ந்தும் வீடு வராத கணவனைத் தேடிவந்து, அவன் உருவத்தைக் கண்டு அருகே சென்றவளிடம், உனக்கும் எனக்கும் உறவில்லை என்று அந்த உடம்பு சொன்னபோது அவள் எவ்வளவு கலங்கியிருப்பாள்! இரவெல்லாம் உறக்கமின்றி வருந்திய அவள், மறுநாள் ஊரிலுள்ள நல்லோரிடம் போய் முறையிட்டாள். திருமூலருடைய கருணை பசுக்களுக்கு ஆறுதலாயிற்று, அவளுக்கு ஆகவில்லை. பிறர் வாழ்வினுள் புகுகிற எழுத்தாளனுக்கும், அந்த வாழ்வோடு உரிமை பூண்டவர்கள் வந்து நிற்கும் நாள் ஒன்று உண்டு.

கொங்கு நாட்டில் அந்த நாள் வரத்தான் செய்தது. சண்முகசுந்தரத்தின் நாவல்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்று, அவற்றின் வாசகராகத் தொடங்கி, கொங்கு வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியையும் தொகுத்தவர் பெருமாள்முருகன். 2010-இல் அவர் எழுதிய 'மாதொருபாகன்', பிள்ளைப் பேறு இல்லாத ஒரு தம்பதியரின் துக்கத்தைத் திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவோடு இணைத்துச் சொல்லிற்று. நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் அந்த ஊரில் பெரிய எதிர்ப்பு மூண்டது; தங்கள் குலப் பெண்களுக்கும் தெய்வத்துக்கும் இழுக்கு நேர்ந்துவிட்டதாகப் பலர் மனம் புண்பட்டார்கள். அவர்களுடைய வேதனையை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை; ஆயினும், மலடி என்ற ஏச்சைக் கேட்டுக் கேட்டு நைந்த ஒரு பெண்ணின் உள்ளத்தில் புகுந்து எழுதியவனுடைய கருணையும் அந்த நாவலின் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. 2015 ஜனவரியில், தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாகவும், இனிப் பாடம் சொல்லும் ஓர் ஆசிரியன் மட்டுமே எஞ்சியிருப்பதாகவும் அவர் அறிவித்தார். புகுந்த உடம்பை விட்டு வெளியேற ஒருவன் செய்துபார்த்த பிரயத்தனமாகவே அதை நான் கொள்கிறேன். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நாவலுக்கு எதிரான வழக்குகளைத் தள்ளி, அவரை மறுபடி எழுதும்படி சொல்லி அனுப்பியது. அந்த ஆண்டிலேயே அவர் 'பூனாச்சி' என்ற நாவலை வெளியிட்டார். மனிதர்களைப் பற்றியும் தெய்வங்களைப் பற்றியும் எழுத அஞ்சியதாகத் தாமே முன்னுரையில் கூறிக்கொண்டு, இம்முறை அவர் புகுந்தது ஒரு வெள்ளாட்டுக் குட்டியின் வாழ்வில்.