கழற்றி வைக்கும் சுமை

வழிப்பயணத்துக்கு எதை எடுத்துக்கொண்டு போவது என்பது பழைய கேள்வி. எதை விட்டுவிட்டுப் போவது என்பது அதைவிடப் பழைய கேள்வி. ஞானிகளும் புலவர்களும் இவ்விரண்டையும் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதில் சற்றே தெளிவு பிறந்தது ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் என்று சொன்னால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

என் நண்பர் ஒருவர் 'குரூசர்' வகை மோட்டார் சைக்கிள் வாங்கினார். தாழ்ந்த இருக்கை, அகன்று வளைந்த கைப்பிடி, காலை முன்னால் நீட்டி வைத்துக்கொள்ள வசதி. சாய்வு நாற்காலிக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும். அமெரிக்காவின் நீண்ட நெடுஞ்சாலைகளுக்கு என்று பிறந்த ஜாதி அது. இப்போது நமக்கும் அந்நியமில்லை. 1955-ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு கம்பெனி, புல்லட்டில் ஆரம்பித்து, 2020-ல் மீட்டியார் 350 என்றும், 2023-ல் சூப்பர் மீட்டியார் 650 என்றும் குரூசர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இந்த வண்டியில் அழகு உண்டு; இடம் கிடையாது. நண்பரோ புரட்டாசிக் கடைசியில் ஹம்பி, கோவா, மங்களூர், வயநாடு என்று சுற்றிவிட்டுப் பன்னிரண்டு நாளில் திரும்பத் திட்டமிட்டிருந்தார். மாற்றுத் துணி, மழைக்கோட்டு, ஸ்பானர், பஞ்சர் ஒட்டும் சாமான், மருந்து எல்லாவற்றையும் எங்கே வைப்பது?

இதற்கு மூன்று வழிகள் உண்டு. பையைப் பின் சீட்டில் போட்டுக் கயிற்றால் கட்டிவிடுவது முதல் வழி. செலவில்லை, ஆனால் பத்து மைலுக்கு ஒரு தரம் திரும்பிப் பார்க்க வேண்டும். பெரிய கேரியரும் பெட்டிகளும் வைத்து நிரந்தரமாகப் போல்ட் போட்டு முடுக்கிவிடுவது இரண்டாவது. உறுதியானதுதான். ஆனால் வண்டி என்றைக்கும் கல்யாணச் சத்திரத்துச் சாமான் வண்டியாகவே நிற்கும். காம்பவுண்டு கேட்டுக்குள் நுழையாது. பின் சீட்டில் ஆள் ஏறி இறங்க முடியாது. நண்பருக்கு அது ஒத்துவராது. அந்தப் பின் சீட்டில்தான் அவர் மனைவி தினமும் ஆபீசுக்குப் போகிறார். மூன்றாவது வழி, கழற்றி மாட்டும் பெட்டி. வண்டியில் ஓர் இரும்புச் சட்டம் மட்டும் நிலையாக இருக்கும். பெட்டியை அதில் செருகி, கொக்கியை அழுத்தி, சாவியைத் திருப்பினால் தீர்ந்தது. ராத்திரி லாட்ஜு வாசலில் சாவியை மறுபடி திருப்பி, பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறலாம்.

இதுவும் புதிய யோசனை அல்ல. குதிரைச் சவாரி செய்தவர்கள் சேணத்தின் இரு பக்கமும் பை தொங்கவிட்டார்கள். சத்திரம் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு, குதிரையைப் புல்லுக்கு விட்டார்கள். மோட்டார் சைக்கிளின் பக்கப் பெட்டிக்கு அமெரிக்கர்கள் இன்றும் 'சேணப்பை' என்ற பொருள்படும் பெயரைத்தான் சொல்கிறார்கள். ஹார்லி டேவிட்சன் கம்பெனி 2012-ஆம் வருஷத்து வண்டிகளில் 'ஸ்விட்ச்பேக்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் பக்கப் பெட்டிகளையும் முன்னால் இருக்கும் காற்றுத் தடுப்பையும் கருவி எதுவும் இல்லாமலே கழற்றிவிடலாம். வேலை நாளைக்கு ஒரு வண்டி, விடுமுறைக்கு ஒரு வண்டி என்று இரண்டையும் ஒன்றிலேயே அடக்கிவிட்டார்கள்.

பட்டறைக்கு நானும் துணையாகப் போயிருந்தேன். நண்பர் பெட்டியைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஐம்பது வயதுக்காரர். பெட்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. மட்கார்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு சட்டத்தையே முடுக்கிக்கொண்டிருந்தார்.

"பெட்டி எவ்வளவு சுலபமா வருதோ, அவ்வளவுக்கு இது அசையாம நிக்கணும் சார். இது ஆடிச்சுன்னா, எந்தப் பூட்டும் நிக்காது" என்றார்.

பிறகு சில விஷயங்கள் சொன்னார். இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். கனமான சாமான் அடியிலும், ஓட்டுகிறவருக்கு அருகிலும் இருக்க வேண்டும். பின் அச்சைத் தாண்டிப் பாரம் ஏற ஏற, முன் சக்கரம் லேசாகிக் கைப்பிடி தள்ளாடும். துணிப் பை சைலன்சரைத் தொடக்கூடாது. ஓட்டுகிறவர், பின்னால் உட்காருகிறவர், சாமான் எல்லாம் சேர்த்து இவ்வளவு எடைதான் என்று வண்டியோடு கொடுக்கும் புத்தகத்தில் போட்டிருக்கும், அதைத் தாண்டக்கூடாது. கொஞ்ச தூரம் ஓடிய பிறகு போல்ட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். புதிதாகப் பூட்டியது எதுவும் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளரத்தான் செய்யுமாம்.

வீடு திரும்பிய பிறகும் அவருடைய முதல் வாக்கியம் என் மனசில் சுற்றிக்கொண்டிருந்தது. கழற்றக்கூடியதாக ஒன்று இருக்க வேண்டுமானால், கழற்ற முடியாததாக ஒன்று இருந்தே தீர வேண்டும். பற்றை விடுவது பற்றி நாம் பேசும்போது பெட்டியைப் பற்றியே பேசுகிறோம்; சட்டத்தை மறந்துவிடுகிறோம். திரும்பி வருவதற்கு நிலையான ஓர் இடம் உள்ளவன்தான் எதையும் கழற்றி வைக்க முடியும். அப்படி ஓர் இடம் இல்லாதவன் கழற்றுவதில்லை, நழுவவிடுகிறான்.

இந்த அளவோடு நான் திருப்தியடைந்திருப்பேன். ஆனால் நண்பர் வீட்டில் வேறொரு கேள்வி பிறந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு நண்பர் உற்சாகமாகச் சொன்னார்: "பன்னிரண்டு நாளைக்கு வீட்டுக் கவலை அத்தனையும் கழற்றி வெச்சுட்டுப் போறேன்."

கட்டிலில் உட்கார்ந்திருந்த அவருடைய தாயார், "கழற்றி எங்கேடா வெப்பே?" என்று கேட்டார்.

நண்பர் சிரித்தார். நானும் சிரித்தேன். சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி சிரிக்கவில்லை.

கிழவியின் கேள்வி லேசானது அல்ல. பெட்டியைக் கழற்றினால் அதன் எடை மறைந்துவிடுவதில்லை. வண்டியிலிருந்து இறங்கி லாட்ஜுத் தரைக்குப் போகிறது. வீட்டுக் கவலையைக் கழற்றினால் அது எங்கே போகும்? ராத்திரி தாயாருக்குப் போட வேண்டிய இன்சுலின் ஊசி, காலையில் இரண்டு குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, தண்ணீர் லாரிக்காரனுக்குப் போன் செய்வது, ராத்திரி கதவைத் தாழ் போடுவது - இவற்றில் ஒன்றுகூட ஹம்பிக்குப் போகவில்லை. எல்லாம் அந்தச் சமையலறை வாசலில் நின்றவருடைய தலைக்குப் போயின. அவருக்கும் ஆபீசு உண்டு. அதுவும், பின் சீட்டு இல்லாமல், பஸ்ஸில்.

நம் ஊர்ப் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிறவன் குனியாமல் மூட்டையை அதில் தள்ளிவிட்டு, மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அதன் சூட்சுமம் உயரத்தில் இருக்கிறது. மூட்டையைத் தரையில் வைத்தால் மறுபடி தூக்கிவிட இன்னொருவர் வேண்டும். தோள் உயரக் கல்லிலிருந்து தானே தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். சுமையைத் தொலைப்பதற்கு அல்ல, திரும்ப எடுத்துக்கொள்வதற்காகவே அந்தக் கல்லை அந்த உயரத்தில் நிறுத்தினார்கள்.

கர்ப்பவதியாக இறந்துபோன பெண்களின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது வழக்கமாக இருந்தது. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போய்விட்ட ஒருத்திக்காக, வழியில் போகிறவர்கள் எல்லாரும் இறக்கி வைக்க ஓர் இடம். இதைவிடக் கருணையான எண்ணம் எந்தப் பட்டறையிலும் பிறந்ததில்லை. ஆனால் அதே எண்ணத்தில் ஒரு முள்ளும் இருக்கிறது. உயிரோடு இருக்கும் பெண்களையும் நாம் சுமைதாங்கிகளாகத்தானே நிறுத்தி வைத்திருக்கிறோம்?

ராபர்ட் பிர்சிக் என்ற அமெரிக்கர் 1968-ல் தம் மகனைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு மோட்டார் சைக்கிளில் போனார். அவருடையது குரூசர் அல்ல, ஹோண்டா வண்டி. அந்தப் பயணத்தை வைத்து 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' என்ற புத்தகத்தை 1974-ல் வெளியிட்டார். அதில் ஓர் இடத்தில், எடுத்துச் சென்ற சாமான்களைப் பட்டியல் போடுகிறார்: உடுப்பு, சொந்தப் பொருள்கள், சமையலும் கூடாரமும், வண்டிக்கு வேண்டியவை என்று நான்கு வகை. பிள்ளை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் புத்தகம் முழுவதும் அவர் சுமந்து போவது அந்தப் பிள்ளையைத்தான். உண்மையான பாரம் எதுவும் பட்டியலில் ஏறுவதில்லை.

அப்படியானால் நண்பர் போகவே கூடாதா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒருநாளும் இறக்கி வைக்காதவன் சுமையை நன்றாகச் சுமக்கிறான் என்பது பொய். அவன் முணுமுணுப்போடு சுமக்கிறான். கடைசியில் சுமக்கப்படுகிறவர்களையே வெறுக்கிறான். ஊருக்குள்ளும் காலிப் பெட்டியோடு சுற்றுகிற வண்டிக்காரர்களைப் பார்க்கிறோமே! கழற்றச் சோம்பல். அந்தப் பெட்டிக்குள் பழைய செய்தித்தாளும், உடைந்த கண்ணாடியும், யாருடையதோ ஒற்றைக் கையுறையும் சேர்ந்துவிடும். வீட்டிலேயே கிடப்பவன் மனசிலும் அப்படித்தான் குப்பை சேருகிறது. வள்ளுவர் இல்வாழ்க்கைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். துறவுக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். இரண்டும் ஒரே நூலுக்குள் இருக்க முடியும் என்பதே எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

ஆனால் துறந்து போனவர்களின் கதைகளைப் படிக்கும்போது ஒரு கேள்வியை விடாமல் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். சித்தார்த்தன் அரண்மனையை விட்டு வெளியேறிய இரவைப் பற்றி எத்தனையோ பேர் உருகி எழுதியிருக்கிறார்கள். மறுநாள் காலையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ராகுலன் என்ற பெயருக்கே 'தளை' என்று பொருள் சொல்லும் மரபு உண்டு. தகப்பனுக்குத் தளையாக இருந்த குழந்தை, தாயின் மடியில் வெறும் குழந்தையாகத்தானே இருந்திருக்கும்? அன்று காலை அதற்குப் பால் புகட்ட வேண்டியிருந்திருக்கும் அல்லவா?

நண்பர் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, அவர் மனைவி பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "நீங்க பன்னிரண்டு நாள் போயிட்டு வாங்க. மார்கழியில எனக்கு ஆறு நாள் வேணும்."

"எங்கே போகணும்?"

"எங்கேயும் இல்லை. அக்கா வீட்டுல படுத்துத் தூங்கணும்."

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. அன்றிரவு தாயாருக்கு ஊசி போடக் கற்றுக்கொண்டார். ஐந்து வருஷமாக அவர் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்த காரியம் அது. மார்கழியில் அந்த அம்மாள் அக்கா வீட்டுக்குப் போனார். ஆறு நாளும் தூங்கினாரா என்று எனக்குத் தெரியாது. நான்காம் நாளே போன் செய்து, தண்ணீர் வந்ததா என்று விசாரித்தாராம். பழகிய தோள் அப்படித்தான்.

கழற்றி வைப்பது பாவம் அல்ல. எங்கே வைக்கிறோம் என்று பாராமல் கழற்றுவதுதான் பாவம். பெட்டியை இறக்கும்போது, அது இனி யாருடைய பாரம் என்று ஒரு நிமிஷம் நின்று பார்க்க வேண்டும். திரும்பி வந்ததும் நம் கையாலேயே அதைத் தூக்கி மாட்ட வேண்டும். நமக்காகத் தாங்கி நின்றவருக்கும் ஒருநாள் சாவியைத் திருப்பும் முறை வர வேண்டும். கல்லாக இருந்தால் அது முறை கேட்காது. மனிதர்களிலும் பலர் கேட்பதில்லை. அவர்கள் கேட்கவில்லை என்பதால் கல்லாகிவிட மாட்டார்கள்.