வெள்ளியும் வாய்மையும்

குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறலாம் என்பது வள்ளுவர் வகுத்த விதிவிலக்கு. விதிவிலக்கைப் பலரும் நினைவிற் கொள்வர். 'குற்றமற்ற' என்னும் நிபந்தனையை மறந்துவிடுவர். அந்நிபந்தனையின் கடுமையை அமெரிக்க வான்படையின் பழைய விசாரணை ஒன்று நன்கு காட்டும்.

1948ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் பிற்பகல், கெந்தக்கி மாநிலத்துக் காட்மன் விமானத் தளத்தினர் வானில் பெரியதொரு வெண்பொருளைக் கண்டனர். அது இன்னதென விளங்கவில்லை. அவ்வழியே பறந்துவந்த மஸ்டாங் விமானங்களின் தலைவர் கேப்டன் தாமஸ் மாண்டெலிடம், அணுகிப் பார்க்குமாறு வேண்டினர். அவருக்கு வயது 25. இரண்டாம் உலகப் போரில் நார்மண்டிப் படையெடுப்பில் பங்கேற்றவர். உலோகம் போன்று தோன்றும் மிகப்பெரிய பொருள் மேலே இருப்பதாக அவர் வானொலியில் அறிவித்தார். ஏறத்தாழ 22,000 அடி உயரத்தில் உடன்வந்தோர் திரும்பினர். மாண்டெல் மட்டும் மேலே சென்றார். அவரிடம் உயிர்வளிக் கருவி இல்லை. விமானம் ஃபிராங்க்லின் நகரருகே வீழ்ந்து நொறுங்க, அவர் உயிர் நீத்தார்.

அவர் துரத்தியது வெள்ளிக் கோள் என்றது வான்படை. வெள்ளி அப்போது ஏறக்குறைய அத்திசையில் இருந்தது உண்மையே. ஆனால் பட்டப்பகலில் அது ஊசிமுனையளவு ஒளிப்புள்ளி. அதனைப் பலர் நெடுநேரம் பெரும்பொருளாகக் கண்டனர் என்பதை எவர் ஏற்பர்?

விசாரித்தவர்கள் பொய்யர் அல்லர். கடற்படை அக்காலத்தில் 'ஸ்கைஹூக்' என்னும் மாபெரும் பலூன்களை மறைவாகப் பறக்கவிட்டது. ஏறத்தாழ 100 அடி அகலமுள்ள அவை, மஸ்டாங் எட்டமுடியாத உயரத்தில் மிதப்பவை. அச்செய்தி வான்படை விசாரணையாளருக்கு எட்டவில்லை. ஒரே நாட்டின் இரு படைகள். ஒன்றின் மறைபொருள் மற்றொன்றின் கண்ணைக் கட்டியது!

நாட்டுக் காப்பிற்காக மறைத்தல் தவறன்று எனலாம். மக்களின் அச்சம் தணிய ஏதேனும் ஒரு விடை வேண்டும் என்பதும் ஓரளவு நேர்மையான வாதமே. ஆயினும் 'தெரியவில்லை' என்று எழுதவேண்டிய இடத்தில் 'வெள்ளி' என்று எழுதியதன் விலையைக் கொடுத்தவர் யார்? இறந்தவர்தாம். தேர்ந்த விமானி, விண்மீனுக்கும் விமானத்திற்கும் வேறுபாடு அறியாதவர்போல் ஆக்கப்பட்டார். மறுத்துரைக்க அவர் உயிரோடு இல்லை. மக்களின் அச்சமும் தணியவில்லை. வேற்றுலகத்தார் அவரை வீழ்த்தினர் என்னும் வதந்தி வளர்ந்தது. பின்னர் வான்படை கூறிய மெய்யான விளக்கங்களையும் பலர் ஐயுற்றனர்.

1952இல் 'புளூ புக்' திட்டத் தலைவர் எட்வர்ட் ரப்பெல்ட் இவ்வழக்கை மீண்டும் ஆராய்ந்து, ஸ்கைஹூக் பலூனே பெரிதும் பொருந்துவதாகக் கண்டார். குறிப்பிட்ட பலூன் அன்று அங்கே பறந்ததைக் காட்டும் பதிவேட்டைத் தேடியும் அவருக்குக் கிட்டவில்லை. 1956இல் வெளியிட்ட நூலில் அதனையும் மறைக்காது எழுதினார்.