வினைமுதல் யாவர்?

ஒரு தொழில் நிகழுங்கால் அதற்கு முதனிலையாவன எட்டென்று தொல்காப்பியனார் வகுத்தோதினார். வினையும், செய்வதும், செயப்படுபொருளும், நிலமும், காலமும், கருவியும், இன்னதற்கென்பதும், இது பயனாகவென்பதும் அவையாம். இவற்றுள் செய்வதெனப்பட்டதனைப் பின்னையோர் வினைமுதலென்றும் கருத்தாவென்றும் வழங்கி, இயற்றுங் கருத்தா, ஏவுங் கருத்தா என இருதிறப்படுத்தினர். தச்சனாற் கோயில் கட்டப்பட்டது என்பதும், அரசனாற் கோயில் கட்டப்பட்டது என்பதும் வழுவற்ற தொடர்களே. கோயில் ஒன்று, கட்டினார் இருவர். இஃது இளஞ்சிறார்க்கும் விளங்கும். ஆயினும் கோயிலை விடுத்துக் கொலையை அவ்விடத்து வைத்து நோக்கின் கற்றாரும் மயங்குவர். அம்மயக்கத்தை ஆராய்தற்கு, 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் நாள் ஜப்பான் தேயத்து ஹிரோஷிமா நகரின்மேல் அணுகுண்டினை இட்ட வானூர்தியினர் பன்னிருவர் செய்தியை ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

பசிபிக் மாகடலில் மரியானாத் தீவுகளுள் ஒன்றாகிய டினியன் 1944-இல் அமெரிக்கர் கைப்பட்டது. அத்தீவின் ஓடுதளத்தினின்று அந்நாள் விடியுமுன் 2 மணி 45 நிமிடத்திற்கு, பி-29 என்னும் வகையைச் சார்ந்த அவ்வூர்தி புறப்பட்டது. அதன் தலைவர் பால் திபெட்ஸ். ஊர்திக்கு அவர் இட்ட பெயர் எனோலா கே. அஃது அவரை ஈன்ற தாயின் பெயர். (இதனை எழுதுங்கால் எழுதுகோல் சற்றே நின்றுவிடுகின்றது.) வழியளந்து கூறுவார் வான் கர்க் என்பார். குண்டிற்குப் பொறுப்புடையார் பார்சன்ஸ் என்னுங் கடற்படை அதிகாரி. பி-29 ஊர்திகள் சில அவ்வோடுதளத்தில் எழும்போதே வீழ்ந்து எரிந்தமையால், அவர் அஞ்சி, வெடிமருந்து செறியாமலே குண்டினை ஏற்றுவித்து, ஊர்தி வானிலெழுந்த பின்னர்த் தங்கையாலே மருந்தினைச் செறித்தார். அவர்க்குத் துணைவராகிய ஜெப்சன், குண்டின் பக்கத்திருந்த பச்சைநிறச் செருகிகள் மூன்றினைக் களைந்து செந்நிறச் செருகிகள் மூன்றினை இட்டார். குறிபார்த்தவர் ஃபெரபீ; மும்முனையாகக் கிளைத்த பாலம் ஒன்றே அவர்க்குக் குறி. காலை 8 மணி 15 நிமிடத்திற்குக் குண்டு ஊர்தியினின்று நீங்கிற்று. ஏறத்தாழ 43 நொடி வீழ்ந்து, பாலத்தினின்று சிறிது விலகி, ஒரு மருத்துவமனைக்கு நேர்மேலாக, 600 மீட்டரளவு உயரத்தில் வெடித்தது. ஊர்தியின் வாற்புறத்துப் பின்னோக்கி அமர்ந்திருந்த கேரன் என்பார் அந்நகர்மேல் எழுந்த புகைத்தூணைப் படம் பிடித்தார். அவ்வாண்டு முடிவதற்குள் அங்கு மாண்டார் தொகை 1,40,000 அளவினது என்பர்.

இனி, இக்கொலைக்கு வினைமுதல் யாவர்?

செருகி மாற்றியவர் கொன்றார் என்பது மிகை. வழியளந்தவர் கொன்றார் என்பதும் மிகை. ஒருவர் செயல் மற்றையோர் செயலின்றிப் பயன்படாதாகலின், ஒருவர்மேலும் முழுப்பழி நில்லாது என்பார் உளர். இங்ஙனம் பகுப்பின், பன்னிரண்டு கூறும் பன்னிருவர் கையில் இருக்க, கொலை மாத்திரம் ஒருவர் கையிலும் இல்லையாய் முடியும். அவ்வாண்டு மார்ச்சு மாதம் 9-ஆம் நாள் இரவு தொடங்கி விடியுமுன் டோக்கியோ நகரின்மேல் தீக்குண்டுகளைச் சொரிந்த ஊர்திகள் முந்நூற்றை அணுகுவன, ஊர்திதோறும் பதினொருவரளவினர். மாண்டார் ஓரிலக்கத்தளவினர். ஆண்டைக்குப் பகுத்துக் காட்டின் வினைமுதலின் கூறு துகளினும் துகளாய் மறைந்தே போம். தேர்த்திருவிழாவில் ஆயிரவர் வடம் பற்றி இழுக்கின்றனர். மாலையில் வீடு திரும்பினவன் மனையாளிடத்து, “இன்று தேரிழுத்தேன்” என்பானன்றி, “தேரில் ஆயிரத்தொருகூறு இழுத்தேன்” என்பானோ? நல்வினையில் முழுமையும் தனதென்று கொள்பவன் தீவினையிற் பின்னங் கணக்கிடத் தொடங்குதல் வாணிகருக்கும் ஒவ்வாத கணக்காம்.

அற்றேல், யாங்கள் கருவிகளே. ஏவினார் பிறர் என்னலாமோவெனின், ஏவினார் உளர் என்பது மெய்யே. 1945 ஜூலை 25-ஆம் நாளிட்ட ஆணை ஒன்று உண்டு. ஹிரோஷிமா, கொக்குரா, நிகாட்டா, நாகசாகி என நான்கு நகரங்கள் அதன்கட் பெயர் குறிக்கப்பட்டன. அவ்வாணைக்கு மேலே நாட்டின் தலைவர் ட்ரூமனும் உளர். ஆயினும் ஏவுங் கருத்தா வெளிப்பட்ட மாத்திரையானே இயற்றுங் கருத்தா கருவியாய் இழிதல் எவ்விலக்கணத்தும் இல்லை. அரசன் ஏவினான் என்பதனால் தச்சன் உளியாகிவிடான். கருவியென்பது அறிவில் பொருள். உயிரோ அறிவுடைப் பொருளென்பது சித்தாந்தத்தின் முதற்பாடம். தன்னைக் கருவியென்று சொல்லுதற்கும் ஓர் அறிவு வேண்டுமன்றோ? வாள் அங்ஙனம் சொல்லாது.

அறியாமை சிலர்க்கு இருந்தது என்பதனையும் மறைத்தலாகாது. திபெட்ஸ் 1944-ஆம் ஆண்டு முதலே உண்மையை அறிந்தவர். ஏனையோருட் பலர்க்குப் புறப்படுமுன் பெரியதொரு குண்டென்று கூறப்பட்டதேயன்றி, அணுவென்னுஞ் சொல் எடுத்தோதப்படவில்லை. கண்காக்கும் கருங்கண்ணாடிகள் மட்டும் தரப்பட்டன. அறிந்து செய்தானுக்கும் அறியாது செய்தானுக்கும் வினையின் கனம் ஒன்றாகாது. ஆயினும் நகரொன்று கீழே உளது, அதன்மேலேயே குறி என்பதனை அறியாதார் அவ்வூர்தியில் ஒருவருமிலர்.

மாண்டவர் தத்தம் ஊழான் மாண்டனர் என்று நம்மவருள்ளும் சிலர் கூறக்கேட்டிருக்கின்றேன். ஆகஸ்டு 9-ஆம் நாள் நிகழ்ச்சி இவர்க்குப் பெருந்துணை. அன்று ஸ்வீனி என்பார் செலுத்திய ஊர்தி நாடிச் சென்ற நகர் கொக்குரா. மேகமும் புகையும் மூடிக் குறி புலப்படாமையால், மும்முறை அந்நகர்மேற் கடந்தும் குண்டு விடப்படவில்லை. எரிநெய் குறையவே ஊர்தி நாகசாகிக்குத் திரும்பிற்று. அங்கும் மேகமே, சற்றே விலகிய இடைவெளியில் குண்டு வீழ்ந்தது. கொக்குராவினர் உண்டு உறங்கினர், நாகசாகியினர் வெந்தனர். இஃது ஊழன்றி யாதெனின், நுகர்ந்தாரளவில் அஃது ஊழேயாகுக. செய்தாரளவில் அது புதிதாக ஏறும் ஆகாமியம். ஒருவன் நுகரவேண்டிய துன்பம் அவனுக்கு வந்துசேர்தலும், அதனைக் கொணர்ந்தவன் தன் கருத்தால் வினையீட்டுதலும் வேறு வேறு கணக்குகள். ஒன்றனை எழுதி மற்றொன்றனை அழிப்பதற்கு ஏடு ஒன்றன்று. அன்றியும், பிறர் ஊழை வெந்தார்முன் நின்று எடுத்தோதுபவன் தன் நெஞ்சின் ஈரத்தை முன்னர்த் தொட்டுப் பார்த்தல் நன்று.

எல்லாவற்றினும் வலியதொரு தடை உண்டு. அக்குண்டுகளால் போர் முடிந்தது என்பது. ஆகஸ்டு 15-ஆம் நாள் ஜப்பானியப் பேரரசர் பணிவினை உலகுக்கு அறிவித்தார். குண்டினாலோ, அந்நாட்களில் ருஷியரும் போரிற் புகுந்தமையாலோ என வரலாற்றறிஞர் வழக்கிடுவர், அது நிற்க. மலேயாவினின்று சயாம்–பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் காட்டுக்காய்ச்சலிலும் பேதியிலும் பசியிலும் மாண்டனர். எஞ்சினார்க்கு விடுதலை அப்பணிவினாலேயே வந்தது. அவர்தம் வழியினர் இன்றும் உளர். அவர் முன்னிலையில் இப்பொருளை இலேசாகப் பேச எனக்கு நா எழாது. எனினும் ஆசிரியர் எட்டு முதனிலையுள் வினையை ஒன்றாகவும் பயனைப் பிறிதொன்றாகவும் வைத்ததனை மறத்தற்கில்லை. பயன் நன்றாயிற்று என்று ஒருவன் மகிழலாம்; அம்மகிழ்ச்சியால் வினை தன் பெயரை மாற்றிக்கொள்ளாது. விடுதலையுற்ற தொழிலாளியின் மகவும் ஹிரோஷிமாவில் எரிந்த மகவும் எதிரெதிர்த் தட்டில் வைத்து நிறுக்கப்படும் பொருள்களல்ல.

செய்தார் பின்னர் எங்ஙனம் வாழ்ந்தனர் என்பதும் நோக்கற்பாலது. திபெட்ஸ் தாம் வருந்தவில்லையென்றே இறுதிகாறும் கூறி 2007-இல் மாண்டார். எதிர்ப்பார் வந்து கூடும் இடமாகாதிருத்தற்பொருட்டுத் தமக்குக் கல்லறை வேண்டாவென்றார். ஈதர்லி என்பார் மற்றொருவர். இவர் பன்னிருவருள் ஒருவரல்லர். முன்னே வேறோர் ஊர்தியிற் சென்று ஹிரோஷிமாவின்மேல் மேகங் குறைவென்று செய்தி விடுத்தவர். குண்டு வீழ்ந்தபோது அந்நகர்மேல் இருந்தவருமல்லர். போருக்குப்பின் சிறுசிறு குற்றங்களிற் புகுந்து, சிறையும் மனநோய் மருத்துவமனையுமாக அலைந்தார். ஆண்டர்ஸ் என்னும் ஐரோப்பிய மெய்ந்நூற் புலவர்க்கு இவர் எழுதிய கடிதங்கள் நூலாயின. அத்துயரில் மெய்யெத்துணை, நடிப்பெத்துணை என்று 1964-இல் ஒருவர் வினவி நூல் எழுதினார். அவ்வினாவை யான் தொடரேன். சிறுபங்கினர் துடித்தமையால் அவர் வினை பெரிதாகவுமில்லை. பெரும்பங்கினர் அமைதியாகத் துயின்றமையால் அவர் வினை சிறிதாகவுமில்லை. கழிவிரக்கம் உயிரின் பக்குவத்தைக் காட்டுங் குறியாகலாம். வினையை அளக்குங் கோலாகாது. எனினும் கருவியென்னும் போர்வைக்குள் ஒளித்துக்கொள்ள எளிதாயிருந்த ஈதர்லி, “செய்தாருள் யானும் ஒருவன்” என்னும் நிலையில் நின்றார். அவர் நடுங்கிய கையினர். நாமெல்லாம் நடுங்காத கையினேம். அவரை நகைத்தற்கு என் மனம் இசையவில்லை.

பன்னிருவருள் எஞ்சியிருந்த வான் கர்க் 2014-இல் தமது 93-ஆம் அகவையில் மறைந்தார். ஹிரோஷிமாவில் நினைவுக்கல்லின் உள்ளே மாண்டார் பெயரேடு ஒன்று வைக்கப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 6-ஆம் நாள், அக்குண்டிற்கு ஆட்பட்டு நெடுநாள் வாழ்ந்து அண்மையிலே மறைந்தவர் பெயர்களையும் அதிற் சேர்த்து மீண்டும் உள்ளே வைக்கின்றனர். பெயர்கள் மூன்றிலக்கத்தைக் கடந்துவிட்டன. எழுதுவார் இன்னும் எழுதுகின்றனர்.