கேட்க ஆளில்லாத இசை

பினாங்கு தைப்பூசத்தைப் பற்றிய காணொளி ஒன்றைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். பலவற்றில் சித்தார்தான் கேட்கும். கூடவே தபலா, கொஞ்சம் புல்லாங்குழல். தண்ணீர்மலை அடிவாரத்தில் சித்தார் வாசிப்பவரை யாராவது பார்த்ததுண்டா? அங்கே இருப்பது உறுமி, தவில், நாதஸ்வரம், தண்ணீர்ப் பந்தல்களின் ஒலிபெருக்கி. வெள்ளி ரதமும், 2017 முதல் தங்க ரதமும் வரும் வழியெல்லாம் தேங்காய் சிதறும் சத்தம். தமிழர்களும் சீனர்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குவியல் குவியலாய் உடைக்கிற அந்தச் சத்தம் ஜார்ஜ்டவுனின் அடையாளம். எடிட் மேசையில் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

வெட்டுகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு இருப்பது பயம். 2007 முதல் யூடியூப் ஓர் இயந்திரத்தை வைத்திருக்கிறது. ஏற்றப்படும் காணொளியின் ஒலியை அது தன்னிடமுள்ள பதிவுகளின் கைரேகையோடு ஒப்பிட்டுப் பார்க்கும். காவடிக்குப் பின்னால் ஏதோ ஒரு பந்தலில் ஓடிய சினிமாப் பாட்டு சில விநாடி பதிவாகியிருந்தாலும் சிக்கிவிடலாம். வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம்; காணொளியே முடக்கப்படலாம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இந்த விஷயத்தில் இளகிய மனசுக்காரன்தான். ஒரு படத்தில் தற்செயலாக வந்து விழும் படைப்பு உரிமை மீறல் ஆகாது என்று அதன் 13ஆம் பிரிவு விதிவிலக்குத் தருகிறது. ஆனால் இயந்திரம் சட்டப் பிரிவு படிப்பதில்லை. மறுப்பு எழுதிப் போட்டுக் காத்திருக்கலாம்தான். நாளைக்கே வீடியோ வேண்டும் என்று நிற்கும் கஸ்டமருக்கு அந்தப் பொறுமை கிடையாது. 'எதுக்குண்ணே வம்பு' என்று எடிட் செய்யும் தம்பி, எடுத்த இடத்தின் சத்தத்தை இறக்கிவிட்டு, ராயல்டி ஃப்ரீ தளத்தில் 'இந்தியா' என்று தட்டுகிறார். சித்தார் வருகிறது.

'ராயல்டி ஃப்ரீ' என்ற சொல்லில் ஒரு சின்ன மயக்கம் இருக்கிறது. அதற்கு இலவசம் என்று பொருளில்லை. இசை ஒலிக்கும் ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாகப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். மாதச் சந்தா கட்டும் தளங்கள் உண்டு. ஒரு மெட்டுக்கு ஒரு விலை என்று விற்கும் தளங்களும் உண்டு. சில நிறுவனங்கள் இசையமைப்பாளரிடமிருந்து உரிமையை மொத்தமாக வாங்கிக்கொள்கின்றன. அப்புறம் அந்த இசை கல்யாண வீடியோவில் வருகிறதா, காண்டோமினியம் விளம்பரத்தில் வருகிறதா என்பது எழுதியவருக்கே தெரியாமல் போகலாம். கெவின் மெக்லியோட் என்ற அமெரிக்கரின் வழி வேறு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைத்துண்டுகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டுவிட்டார். அவர் கேட்பது ஒன்றுதான்: என் பெயரைப் போடுங்கள். பெயர் போட முடியாதவர்கள் காசு கட்டி வேறு உரிமம் வாங்கிக்கொள்ளலாம். ஒரு பெயருக்கும் விலை உண்டு என்று இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது.

என் கேள்வி இதுதான். அனுமதி கிடைத்துவிட்டால் கடன் தீர்ந்துவிடுகிறதா?

தமிழில் 'கேட்பது' என்ற சொல் காதுக்கும் வாய்க்கும் பொது. இசையையும் கேட்கிறோம், நியாயத்தையும் கேட்கிறோம். காணொளிக்கு இசை தேடும்போது நாம் தேடுவது பெரும்பாலும் கேட்க ஆளில்லாத இசையை. அதாவது, நாளைக்கு 'இது என்னுடையது' என்று யாரும் வந்து நிற்காத இசையை. அப்படித் தேடித் தேடிப் பழகியதில் இன்னொன்றும் நடந்துவிட்டது. அந்த இசையை நாமும் கேட்பதில்லை. பேச்சுக்கு அடியில் நிரவிவிடுகிற மண்ணாக அது ஆகிவிட்டது.

கேட்க வருகிற இசையமைப்பாளரிடம் நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பதை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். 2017இல் தன் அனுமதியில்லாமல் மேடைகளில் தன் பாடல்களைப் பாடக்கூடாது என்று எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. 2024இல் குணா படப் பாட்டுக்காக 'மஞ்சும்மல் பாய்ஸ்' தயாரிப்பாளர்களுக்குப் போனது. இரண்டு முறையும் பினாங்கு சாப்பாட்டுக் கடைகள் வரைக்கும் ஒரே பேச்சு: இவ்வளவு சம்பாதித்தவருக்கு இன்னும் என்ன ஆசை, பாட்டு மக்களுடையது இல்லையா. அவர் கோரிக்கை சட்டப்படி எவ்வளவு செல்லும் என்பதை நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு உறுத்துவது நம் சுபாவம். வந்து கேட்கிறவரைப் பேராசைக்காரர் என்கிறோம். மொத்தமாக விற்றுவிட்டு வாய்மூடி இருப்பவரின் இசையை 'தரமான லைப்ரரி' என்று பாராட்டுகிறோம். கலைஞன் பேசாமல் இருப்பதைத்தான் நாம் ஃப்ரீ என்கிறோமோ?

இதை அப்படியே உறுமி மேளத்துக்குக் கொண்டு வாருங்கள். பினாங்கில் உறுமி அடிக்கும் பையன்கள் பகலில் தொழிற்சாலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள். விழாக் காலத்துக்கு முன்பு மாலை மாலையாகப் பயிற்சி செய்துவிட்டு வருகிறவர்கள். அவர்கள் வாசிப்பு எந்த இயந்திரத்திலும் கைரேகையாகப் பதிவாகியிருக்காது. அதனால் அவர்களைப் பற்றி யாருக்கும் பயமில்லை. அவர்கள் முகத்தை, வியர்வையை, ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறோம். சினிமாப் பாட்டுக்குப் பயந்து மொத்த ஒலியையும் இறக்கும்போது அவர்கள் அடியும் சேர்ந்து போய்விடுகிறது. நிகழ்த்துகலைஞருக்கு உரிமை உண்டு என்று மலேசியச் சட்டமும் சொல்கிறது. ஆனால் வக்கீல் வைத்து வந்து நிற்க அவர்களால் ஆகாது. கேட்க ஆளிருக்கும் இடத்தில் மட்டும் காட்டும் நேர்மையை நேர்மை என்று சொல்லலாமா? அதற்குப் பெயர் ஜாக்கிரதை.

'அவனுங்க முருகனுக்காக வாசிக்கிறானுங்க, அவனுங்ககிட்டயா கணக்குப் பேசறது?' என்று ஒருவர் கேட்கலாம். வாசிப்பு முருகனுக்குத்தான். ஆனால் சுற்றுலா நிறுவனத்தின் விளம்பரம் முருகன் இல்லையே.

சட்டம் தரும் விடுதலையும் கடன் தீர்ந்ததும் ஒன்றல்ல என்பதற்கு நம் ஊரிலேயே ஒருவர் இருக்கிறார். பி.ரம்லி 1929இல் பினாங்கில் பிறந்தார். நடித்தார், பாடினார், இயக்கினார், இசையமைத்தார். 1973இல் கோலாலம்பூரில் மறைந்தபோது கையில் காசில்லை. இன்று அவர் பெயரில் சாலை இருக்கிறது, பிறந்த வீடு நினைவில்லமாக நிற்கிறது. மலேசியச் சட்டப்படி இசைப்படைப்புக்கான பதிப்புரிமை படைத்தவர் மறைந்து 50 ஆண்டுவரை நீடிக்கும். அவருடைய மெட்டுகளுக்கு அந்த 50 ஆண்டு 2023உடன் முடிந்தது. வரிகளை எழுதியவர்களுக்குக் கணக்கு வேறு, ஒலிப்பதிவுகளுக்கு வேறு. பாலத்தைத் தாண்டி ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோ இருந்த சிங்கப்பூருக்குப் போனால் 50 என்பது 70 ஆகிவிடும். ஆக, கடலின் இந்தப் பக்கம் ஃப்ரீயான மெட்டு அந்தப் பக்கம் ஃப்ரீ இல்லை. உரிமை என்பது மனிதர்கள் போட்டுக்கொண்ட தவணைதான் என்பதற்கு இது போதும். அந்தத் தவணை முடிந்த புத்தாண்டு காலையில், ரம்லியின் மெட்டை கித்தாரில் வாசித்து, பெயர் போடாமல் ஒரு காப்பிக் கடை விளம்பரத்தில் ஓட்டினால் நமக்கு ஏதோ தப்பு நடந்ததுபோல் இருக்காதா? இருக்கும் என்றால், சட்டம் முடித்துவைத்த இடத்துக்கு அப்பாலும் ஏதோ மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சம் ரம்லிக்கு மட்டும் சொந்தமில்லை. பெயர் தெரியாத அந்தச் சித்தார்காரருக்கும் உண்டு.

இதெல்லாம் வசதியுள்ளவன் பேச்சு என்று தோன்றலாம். கல்யாண வீடியோவுக்குச் சில நூறு வெள்ளி வாங்கும் தம்பி, அதில் ஒரு பகுதியை இசைக்குக் கொடுக்க முடியாது. உண்மை. ராயல்டி ஃப்ரீ இசை இல்லாவிட்டால் அவரைப் போன்றவர்கள் திருட்டுப் பாட்டுக்கோ மௌனத்துக்கோதான் போகவேண்டியிருக்கும். அந்தத் தளங்களை ஒதுக்கச் சொல்லவில்லை. அனுமதி வாங்கியதோடு வேலை முடிந்தது என்ற நிம்மதியைத்தான் கொஞ்சம் கலைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

செய்யக்கூடியவை சின்னச் சின்னவை. இசையைத் தேடுமுன் எடுத்த இடத்தின் ஒலியை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். பாட்டு சிக்காத 30 விநாடி அதில் இருக்கும். உறுமிக் குழுவிடம் போய், 'தம்பி, உங்க வாசிப்பைத் தனியா பதிவு பண்ணிக்கலாமா, எதுக்குப் பயன்படுத்தப் போறேன்னா…' என்று சொல்லி, முடிந்ததைக் கொடுங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள். தளத்திலிருந்துதான் எடுக்கவேண்டும் என்றால், 'இந்தியா' என்று தட்டாமல் வேண்டிய உணர்வைத் தட்டுங்கள். நம் ஊரைப் பொய்யாகச் சொல்லும் சித்தாரைவிட, எந்த ஊரையும் சொல்லாத பியானோ மேல்.

அப்புறம் பெயர். காணொளியின் கடைசியில் டிரோன் ஓட்டியவர், மேக்கப் போட்டவர், மண்டபம் கொடுத்தவர் எல்லாருக்கும் இடமிருக்கிறது. இசை என்ற இடத்தில் மட்டும் பல சமயம் ஒரு தளத்தின் பெயர் இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. பெயர் கட்டாயமில்லை என்று உரிமத்தில் எழுதியிருந்தாலும், இசையமைத்தவர் யார் என்பது அதே பக்கத்தில் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஒரு வரி தட்டச்சு செய்ய அரை நிமிடம்.