நடு சீட்டு

காலடிப்பேட்டையில் என் மாமா வீட்டு வாசலில் ஒரு 1951 செவர்லே நிற்கிறது. மாமா ஹார்பரில் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் முப்பது வருஷம் டிரைவராக இருந்தார். தொழிலை மூடும்போது முதலாளியிடம் கணக்குத் தீர்க்கக் காசில்லை. வண்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆக, அது மாமா ஆசைப்பட்டு வாங்கிய வண்டி இல்லை, பாக்கிக்கு வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இதை ரொம்ப நாள் மறந்தே போயிருந்தேன்.

போன வருஷம் ஒருநாள் மாமா, "மாப்ள, இதுக்கு அஞ்சு கியர் பெட்டி போடலாம்னு இருக்கேன்" என்றார். அத்தையைக் கூட்டிக்கொண்டு திருச்செந்தூர் வரை ஒருதடவை அந்த வண்டியிலேயே போய்வர வேண்டும் என்பது அவர் திட்டம்.

"வேணாம் மாமா, வண்டியோட அசலே போயிடும்" என்றேன். யோசிக்கவே இல்லை.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆறு சிலிண்டர், 216 கன அங்குல இன்ஜின், மூன்றே கியர். டாப் கியரில் இன்ஜினும் பின்னால் போகும் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும். பின் ஆக்ஸில் விகிதம் 4.11. மணிக்கு 80 கிலோமீட்டர் போனால் இன்ஜின் நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 2500 சுற்று சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த இன்ஜினில் கனெக்டிங் ராடு பேரிங்குகள் உருக்கி ஊற்றிய ஒயிட் மெட்டல். அங்கே ஆயில் பம்பு அழுத்தத்தில் போவதில்லை, ராடின் அடியில் உள்ள சின்னக் கரண்டி அள்ளிக்கொள்கிறது. நிதானமான ரோட்டுக்குச் செய்த ஏற்பாடு இது. தாம்பரம் தாண்டி மணிக்கணக்கில் இப்படி விரட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மெதுவாகப் போனால் பின்னால் வரும் லாரிக்காரன் ஹார்ன் அடித்தே கொன்றுவிடுவான். ஓவர்டிரைவ் என்பது இதற்கு மருந்து: ஐந்தாவது கியர் 0.8 என்றால், அதே 80க்கு 2000 சுற்று போதும்.

ஆனால் பெட்டியை மட்டும் மாற்ற முடியாது. 1954 மாடல் வரை செவர்லே கார்களில் ஷாஃப்ட் ஒரு மூடின குழாய்க்குள் ஓடும். அந்தக் குழாய் கியர் பெட்டியையும் பின் ஆக்ஸிலையும் ஒன்றாகப் பிணைத்திருக்கும். பெட்டி போனால் குழாய் போகும், குழாய் போனால் ஆக்ஸில், ஆக்ஸில் போனால் சக்கர போல்ட்டின் அளவு. ஒரு லைப்ரரியை அப்டேட் பண்ணப் போய் பாதி புராஜெக்டைத் திருப்பி எழுதியவர்களுக்கு இது புரியும். அதே காலத்து ஆட்டோமேட்டிக் செவர்லேயின் 3.55 ஆக்ஸிலைத் தேடலாமே, அதுவும் கம்பெனி சாமான்தானே என்றேன். "புதுப்பேட்டைல தேடிட்டு வந்து சொல்லு" என்றார் மாமா. தேடினேன். இல்லை.

சட்டத்தையும் இழுத்தேன். 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வாகன விதி, ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜினில் மாற்றம் கூடாது என்கிறது. கியர் பெட்டி என்ற சொல் அதில் இல்லை. எனக்கு எதிராக நானே ஆதாரம் கொடுத்தது போல ஆகிவிட்டது. அதைவிட முக்கியம் இன்னொன்று. அந்தப் பதிவு வாங்கினால் வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று சிலவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். அதாவது சட்டம் கற்பனை செய்கிற அசல் வண்டி திருச்செந்தூர் போகாத வண்டி.

இந்த இடத்தில் எல்லோரும் தீசியஸின் கப்பலைக் கொண்டுவருவார்கள்: பலகை பலகையாக மாற்றிய பிறகும் அது அதே கப்பலா? ஏதோ மியூசியத்தில் நிற்கிற பொருள் மாதிரிதான் நமக்கு அந்தக் கதை சொல்லப்படுகிறது. ஆனால் பிளேட்டோவின் 'பைடோ'வில் அந்தக் கப்பல் வருஷா வருஷம் டெலோஸ் தீவுக்குப் போய்வருகிறது. அது ஏதென்ஸுக்குத் திரும்பும்வரை யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது. சாக்ரடீஸுக்குச் சிறையில் கூடுதலாகக் கிடைத்த நாட்கள் அந்தக் கப்பல் கொடுத்தவை. கடலில் போகிற கப்பலுக்குப் பலகை மாற்றாமல் முடியுமா?

"நீ இந்த வண்டியை எவ்ளோ தூரம் ஓட்டிருக்க?" என்று மாமா கேட்டார். கோபமாகக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணூர் வரை, திரும்பி வீடு. போட்டோ. அவ்வளவுதான். ஃபர்ஸ்ட் கியரில் சிங்க்ரோ கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் போட கிளட்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். மாமாவுக்கு எழுபத்திரண்டு வயது, முட்டி தேய்ந்திருக்கிறது. அசல் என்று நான் சொன்னதற்கான வாடகையை அந்த முட்டிதான் கொடுத்துக்கொண்டிருந்தது. அம்மியில் அரைத்தால்தான் ருசி என்று சொல்கிறவர்கள் வீட்டில் அம்மி முன்னால் உட்காருவது யார்?

இவ்வளவு சொல்லியும் என்னால் முழுசாக மாமா பக்கம் போக முடியவில்லை. பழைய பொருள் எதுவும் தானாகத் தப்பிப்பதில்லை. யாரோ ஒருவர் சௌகரியத்தை விட்டுக்கொடுத்ததால்தான் அந்த வண்டி எழுபது வருஷம் தாண்டி வந்திருக்கிறது. அவரவர் சௌகரியம்தான் முக்கியம் என்றால், அந்த ஃபர்ஸ்ட் கியர் முனகும் சத்தம் எப்படி இருக்கும் என்று நாளைக்கு ஒருவருக்கும் தெரியாது. பழைய வாகனங்களுக்கான சர்வதேச அமைப்பின் டுரின் சாசனம் இதற்கு ஒரு நடுவழி சொல்கிறது: சேர்ப்பது திரும்பக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும், கழற்றிய அசல் பாகங்கள் வண்டியோடு இருக்கட்டும். கோடிங்கில் நாங்கள் ரிவர்ட் என்கிறோமே, அதேதான். மாமாவும் ஒத்துக்கொண்டார். அடிபட்ட டீசல் ஜீப் ஒன்றின் பெட்டியும் ஆக்ஸிலும் வந்தன, ஆக்ஸில் விகிதம் ஏறக்குறைய பழையதேதான். திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறையில் இணைப்புத் தகடு கடைந்தோம். வெல்டிங் இல்லை, எல்லாம் போல்ட். பழைய பெட்டி கிரீஸ் பூசி, அரிசிச் சாக்கில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

காலட் என்ற ஆங்கிலேய கவர்னர் நெசவாளர்களுக்காக உருவாக்கிய பேட்டை இது. அவர் பெயர் மக்கள் வாயில் காலடி ஆகி முந்நூறு வருஷம் ஆகிறது. யாரும் அசலைக் கேட்கவில்லை.

கழற்றி மாட்ட முடியாத ஒன்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. பழைய வண்டியில் கியர் கம்பி ஸ்டியரிங் பக்கத்தில். முன் சீட்டு ஒரே பெஞ்ச், மூன்று பேர் உட்காரலாம். சின்ன வயசில் மாமாவுக்கும் அத்தைக்கும் நடுவில் உட்கார்ந்துதான் நான் மெரினா பார்த்தேன். புதுப் பெட்டியின் கம்பி தரையிலிருந்து அதே இடத்தில் எழும்புகிறது. மாமாவின் பேரன் இப்போது பின் சீட்டில்.

திருச்செந்தூர் போய்வந்துவிட்டார்கள். அத்தை அந்தக் கம்பியில் தண்ணீர் பாட்டில் பையை மாட்டி வைத்திருக்கிறார். கியர் மாற்றும்போதெல்லாம் மாமா, "பையை எடும்மா" என்கிறார். அத்தை எடுத்துவிட்டுத் திரும்ப அங்கேயே மாட்டுகிறார்.